இளங்குழந்தையும் துயிற்பயிற்சியும்

மக்கள் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு துயிலிற் கழிகின்றது. நனவு, கனவு, உறக்கம் என்னும் நிலைகளையும், அவற்றினிடையே உயிர் சென்று மீளுமாற்றையும் சைவசித்தாந்த நூலார் நுணுகி ஆராய்ந்தனர். மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரம் இவ்வவத்தைகளைப் பற்றியும் பேசுகின்றது. தத்துவ நூலாரின் நோக்கம் வேறு. எமது நோக்கம் வேறு. எனினும், உறங்குதல் என்பது ஒரு நிலையினின்று பிறிதொரு நிலைக்குப் பெயர்தல் என்னும் அவர்தங் கருத்து, இல்லந்தோறும் இரவில் எழும் ஒரு சிறு வினாவுக்கும் பொருந்துவதாகும். ஒரு வயதைக் கடந்து மூன்று வயதை எட்டாத தளர்நடைக் குழந்தை, பிறர் ஆட்டாமலும் தோளிலிட்டு உலாவாமலும், தானாகவே நனவினின்று உறக்கத்துக்குப் பெயரப் பயிலுமா? பயிலுமெனின், அதனைப் பயிற்றுமாறு யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி மலரொன்றில் இப்பொருள் இடம்பெறுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், முற்பகற் பாடவேளையிற் கண்ணயரும் சிறுவரை ஆசிரியர் அறிவர். இன்றைய மாணவர் நாளைய பெற்றோர். பழைய மாணவருட் பலர் இன்றே பெற்றோர். அன்றியும், ஒரு குழந்தை தன் வாழ்வில் முதன்முதலாகப் பயிலும் பாடங்களுள் இதுவும் ஒன்று. ஆதலின், கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் இதனைச் சிந்தித்தல் பொருத்தமுடைத்தே.

துயிலின் இயல்பு

துயிலை இரண்டு காரணிகள் நெறிப்படுத்துகின்றன என்பதை 1982ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் போர்பெலி என்னும் அறிஞர் ஒரு கோட்பாடாக வகுத்துரைத்தார். ஒன்று, விழித்திருக்குந்தோறும் மிகுந்துகொண்டே செல்லும் உறக்க நாட்டம். மற்றையது, பகலிரவுகளை அறிந்து இயங்கும் உடலின் உட்கடிகாரம். மாலையில் ஒளி குறையுங்கால் மெலற்றோனின் என்னும் சுரப்பு உடலிற் பெருகி, இரவு வந்தமையை அறிவிக்கின்றது. பிரகாசமான ஒளி அச்சுரப்பைத் தடுத்துவிடும். சிறுவரிடத்து இத்தடை மிகவும் வலியது என்பதை அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட சிற்றாய்வொன்று காட்டிற்று. எனவே, குழந்தைக்கு உறக்க நாட்டம் மிகாத வேளையிலோ, கூடத்து விளக்குகளும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஒளிரும் வேளையிலோ, “கண்ணை மூடு” என்று கட்டளையிடுவதாற் பயன் விளையாது.

ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கமும் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணித்தியாலமும், மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணித்தியாலமும் துயில் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. இத்துயில் இடையறாத ஒரே நிலையன்று. துயிலின்கண் கண்கள் விரைந்தசையும் கட்டமொன்றுண்டு என்பதைச் சிக்காகோவிலிருந்த அசெரின்சுக்கி, கிளைற்மன் என்போர் 1953இல் உலகிற்கு அறிவித்தனர். ஆழ்துயிலும் இக்கட்டமும் மாறிமாறி வரும். வளர்ந்தோரிடத்து இச்சுற்று ஏறத்தாழ 90 நிமிடங் கொள்ளும். குழந்தைகளிடத்து அதனிற் குறுகியது. ஒரு சுற்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையிற் சிறிது விழித்தல் எல்லார்க்கும் இயல்பு.

இரவில் விழித்தழும் குழந்தையின் இடர்ப்பாடு இவ்வெல்லையிலேதான் உள்ளது. திண்ணையிற் பாய்விரித்துப் படுத்த ஒருவன், நடுச்சாமத்தில் விழித்துத் தான் கிணற்றடியிற் கிடக்கக் காண்பானாயின், மறுபுறம் புரண்டு மீண்டும் உறங்கிவிடுவானா? எழுந்து கூக்குரலிடுவான். ஏணையில் ஆடிக்கொண்டு, தாயின் பாட்டைக் கேட்டவாறே உறங்கிய குழந்தை, விழிக்கும்போது ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை என்பதைக் காண்கின்றது. அதன் அழுகை பிடிவாதமன்று. உறங்கிய வேளையிலிருந்த சூழல் மாறியமைபற்றி எழும் திகைப்பேயாம். இதனை உணர்ந்த தாய்க்குச் சினம் தணியும், செய்யவேண்டுவதும் புலப்படும்.

மேனாட்டார் கொள்கைகள்

இத்துறையில் மேனாட்டார் கொண்ட கருத்துக்கள் காலந்தோறும் மாறின. 1894இல் நூலெழுதிய லூதர் எமெற் ஹோல்ற் என்னும் அமெரிக்க மருத்துவர், நோயின்றி அழுங் குழந்தையை அழவிடுமாறு கூறினார். நடத்தைவாத உளவியலாராகிய ஜோன் வாற்சன் 1928இல் அதற்கு மேலுஞ் சென்று, பிள்ளைகளை அணைத்தலும் முத்தமிடுதலும் ஆகாவென்றும், காலையிற் கைகுலுக்கினாற் போதுமென்றும் எழுதினார். 1946இல் வெளிவந்த பெஞ்சமின் ஸ்பொக்கின் நூல், தாய்மார் தம் இயல்பறிவை நம்பலாமென ஊக்கியது. 1951இல் ஜோன் போல்பி உலகச் சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, தாயின் இடையறாத அன்பு குழந்தையின் உளநலத்துக்கு இன்றியமையாததென வலியுறுத்தியது. 1985இல் ரிச்சட் பேர்பர் என்னும் மருத்துவர் ஒரு நடுவழியைக் காட்டினார். குழந்தையை விழிப்பு நிலையிலேயே படுக்கவிட்டு நீங்கி, அழுதாற் சிறிது நேரங்கழித்துச் சென்று தேற்றி, அவ்விடைவேளையைப் படிப்படியாக நீட்டுதலே அவ்வழி.

இவ்வழி குழந்தைக்கு ஊறு செய்யுமோ என்னும் ஐயம் பலர்க்கு எழுந்தது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் இத்தகைய முறைகளாற் குழந்தைகளைப் பயிற்றிய குடும்பங்களை ஆய்வாளர் தொடர்ந்து நோக்கினர். அக்குழந்தைகள் ஆறு வயதெய்தியபோது, பயிற்சி பெறாதாரோடு ஒப்பிடுகையில், நிலைத்த தீங்கும் இல்லை, நிலைத்த நன்மையும் இல்லை என்பதை 2012இல் வெளியிட்டனர். இம்முடிபை இரு சாராரும் கருத்திற் கொள்ளவேண்டும். பயிற்றுவோர் கொடியோர் அல்லர். பயிற்றாதோர் தம் பிள்ளையைக் கெடுப்போரும் அல்லர்.

எமது மரபு

மேற்கூறிய நூல்களுட் பெரும்பாலானவை குழந்தைக்குத் தனியறையும் தனிக்கட்டிலும் உண்டெனக் கொண்டு எழுதப்பட்டவை. உலகின் வழக்கம் அதுவன்று. 17 நாடுகளிலும் பிரதேசங்களிலுமாக 29,287 குழந்தைகளைப் பற்றி 2010இல் வெளிவந்த ஆய்வில், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளிற் பெற்றோருடன் ஒரே படுக்கையிலோ அறையிலோ துயிலுதல் பெருவழக்கெனக் காணப்பட்டது. எம்மவர் இல்லங்களிலும் நுளம்பு வலைக்குள்ளே தாயும் பிள்ளையும் ஒருங்கு படுத்தல் நெடுநாளைய வழக்கமே. அதனைக் குறையெனக் கருதி நாணவேண்டுவதில்லை.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். குழந்தை எங்கே துயிலுகின்றது என்பது ஒன்று. எவ்வாறு துயிலுட் புகுகின்றது என்பது மற்றொன்று. தனியறையில் இருந்தும் பிறர் ஆட்டினாலன்றி உறங்காத குழந்தையும் உண்டு. தாயின் பாயிலேயே படுத்தும், தானாகக் கண்வளரும் குழந்தையும் உண்டு. யாம் ஈண்டுப் பயிற்சி என்பது பின்னதையே.

பிள்ளைத்தமிழ் நூல்களின் பருவ வைப்பு இவ்விடத்து நினைக்கத்தக்கது. பத்துப் பருவங்களுள் தாலாட்டுதற்குரிய தாற்பருவம் மூன்றாவது; குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் அம்புலிப்பருவம் ஏழாவது. முன்னதில் ஓசையும் அசைவுமே குழந்தைக்குப் போதும். பின்னதில் மொழி நுழைகின்றது. சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் நிலவை அழைக்குஞ் சொல்லைக் குழந்தை கேட்டிருக்கின்றது. தளர்நடைப் பருவத்துப் பிள்ளை சொல்லை விளங்கத் தொடங்கிய பிள்ளை. ஆதலின், ஆட்டுதலைக் குறைத்துச் சொல்லையும் ஒழுங்கையும் கூட்டுதற்கு இதுவே ஏற்ற பருவமென்க.

பயிற்றுமுறை

முதலாவது, நேர ஒழுங்கு. காலையில் எழும் வேளையையும் பகலுறக்கத்தையும் நிலைப்படுத்தல் வேண்டும். பிற்பகல் ஐந்து மணிவரை உறங்கிய குழந்தை எட்டு மணிக்கு உறங்காது. எட்டு மணிக்குப் படுத்தும் ஒன்பது மணிக்கே உறங்கும் பிள்ளையைச் சில நாள் ஒன்பது மணியளவிலேயே படுக்கவைத்து, விரைவில் உறங்கப் பழகிய பின், பதினைந்து பதினைந்து நிமிடமாக அவ்வேளையை முன்னே கொணர்தல் நன்று. எமது நாட்டில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டி ஞாயிறு மறைதலால், இருளே எமக்குத் துணை. மின்னொளியைக் குறைத்தலொன்றே வேண்டுவது.

இரண்டாவது, நிகழ்ச்சி ஒழுங்கு. உடல் கழுவுதல், இராவுணவு, திருநீறணிந்து வணங்குதல், ஒரு கதை, ஒரு பாட்டு என நாடோறும் ஒரே வரிசையில் நிகழ்ந்தால், ஒவ்வொன்றும் அடுத்ததை அறிவிக்கும். 405 தாய்மாரையும் அவர்தங் குழந்தைகளையும் கொண்டு 2009இல் வெளிவந்த ஆய்வில், இத்தகைய இரா ஒழுங்கைக் கைக்கொண்ட இரண்டு வாரத்திலேயே குழந்தைகளின் துயில் சீர்ப்பட்டதோடு, தாயரின் உளச்சோர்வும் குறைந்தமை காணப்பட்டது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: குழந்தை விழித்திருக்கும்போதே பாட்டு முடிதல் வேண்டும். இறுதி அடியைக் குழந்தையே கடக்கவேண்டும்.

மூன்றாவது, படிப்படியாக விலகுதல். முதற் சில இரவுகள் ஆட்டுதலை விடுத்து முதுகிற் கைவைத்திருக்கலாம். பின்னர்க் கையை எடுத்து அருகே இருக்கலாம்; அதன்பின் சற்றுத் தள்ளி அமரலாம். “பானையை மூடிவிட்டு வருகிறேன்” என்று சொல்லிச் சென்று, பிள்ளை அழைக்குமுன் மீளலாம். சொன்னபடி மீளுதல் இன்றியமையாதது. பிள்ளை உறங்கிவிட்டதென எண்ணிச் சொல்லாமல் ஒளித்துச் செல்வோர், கண்மூடுதலே ஆபத்தெனப் பிள்ளைக்குக் கற்பிப்போராவர். பிள்ளை விரும்பும் ஒரு துணித்துண்டையோ பொம்மையையோ உடன்வைத்தலும் தகும். தாய்க்கும் தனக்கும் இடைப்பட்ட அப்பொருளின் சிறப்பை இங்கிலாந்து உளமருத்துவர் டொனால்ட் வினிக்கொற் 1951இல் எடுத்துரைத்தார். தனித்திருக்கும் ஆற்றலைக் குழந்தை பெறுவது, தன்னை நேசிப்பவர் அருகிருக்கத் தன்பாட்டில் இருந்து பழகுதலாலேயே என 1958இல் அவர் மேலும் விளக்கினார். தனித்துத் துயிலும் ஆற்றலும் தாயருகிலேயே தோன்றுவதென்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டா.

நான்காவது, வீட்டார் ஒருமைப்பாடு. தாய் அருகிருந்து தேற்ற, பேத்தியார் பொறாது ஏணையிலிட்டு ஆட்டுவாராயின், குழந்தை கற்பது உறங்குதலை அன்று. நீள அழுதாற் பயனுண்டு என்பதையேயாம். இடையிடையே கிட்டும் பயன் ஒரு பழக்கத்தை மிக உறுதியாக நிலைநிறுத்தும் என்பதை பேர்ஸ்ரரும் ஸ்கின்னரும் 1957இல் நூலாகவே எழுதினர். ஆதலாற் பேத்தியாரின் இரக்கத்தைக் கண்டியாது, தொடங்குமுன்னரே அவரோடு கலந்து பேசி, கதை சொல்லும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தல் அறிவுடைமை.

காய்ச்சல், பல்முளைத்தல், வீடுமாறுதல், புதிய மகவின் வரவு ஆகிய காலங்களில் இப்பயிற்சியைத் தொடங்குதல் ஆகாது. குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் பிள்ளையை மருத்துவரிடங் காட்டல் வேண்டும்.

முடிபு

தாயும் சேயும் இன்புற்று, ஆட்டுதலும் பாடுதலும் எவர்க்கும் சுமையாகாத இல்லத்தில் எதனையும் மாற்றவேண்டுவதில்லை. ஆனால், ஒருத்தியின் கையாலன்றி உறங்காத பிள்ளை, அவள் நோயுற்றாலும், மகப்பேற்றுக்கு மருத்துவமனை சென்றாலும், பிழைப்பின்பொருட்டுக் கடல்கடந்தாலும், தன் பெருந்துன்பத்தின் நடுவே துயிலையும் இழக்கின்றது. 1952இல் ஜேம்ஸ் றொபேற்சன் எடுத்த திரைப்படமொன்று, மருத்துவமனையிற் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளையொன்றின் துயரைக் காட்டி மருத்துவ உலகின் மனத்தை அசைத்தது. பிரிவுத் துயரைத் துயிற்பயிற்சி நீக்காது. எனினும், தானாக உறங்கி ஆறும் வழியொன்றையேனும் பிள்ளையிடம் விட்டுவைக்கும். தாய்க்கோ, நாள்முழுதும் உழைத்த பின் இரவிற் சில மணித்தியால ஓய்வைத் தரும்.

நல்லாசிரியன் மாணவனின் கையைப் பிடித்து எழுதுவித்து, ஒருநாள் அக்கையை விடுகின்றான். விட்டபின்னும் அருகிலேயே நிற்கின்றான். துயிலைப் பயிற்றுந் தாயும் அவ்வாறே செய்தல் தகும் என்பது எமது துணிபு.