ஏர்க்கால் விரிந்தால் பசை தாங்குமா?

கோடை முழுதும் வேலியோரம் சாத்தி வைத்த ஏரை ஆடி மழைக்கு எடுத்துப் பார்த்தால், ஏர்க்காலின் முனையில் வாய் பிளந்திருக்கும். மரத்தின் முனை, பக்கங்களைவிட வேகமாகக் காயும். முனை சுருங்குகிறது, ஈரம் போகாத உள்மரம் இடம் கொடுப்பதில்லை, எனவே பிளக்கிறது. கருவேல மரத்திற்கும் இதே கதிதான். பச்சை மரத்தில் செய்த ஏரென்றால் கேட்கவே வேண்டாம்.

புது ஏர்க்கால் செதுக்கித் தரும் தச்சர் இன்று பல ஊர்களில் அரிது. பட்டமோ காத்திருக்காது. இந்நிலையில், அரால்டைட் போன்று இரண்டு குழாய்களில் விற்கும் எபாக்ஸி பசை கைகொடுக்கும். ஆனால் எல்லா விரிசலுக்கும் அல்ல.

விரிசல் நார் ஓடும் திசையிலேயே போயிருந்தால் தைரியமாக ஒட்டலாம். நாரை அறுத்துக் குறுக்கே போயிருந்தால் ஒட்டிப் பயனில்லை. ஏர்க்காலின் இரு முனைகளையும் கல்மேல் வைத்து நடுவில் அழுத்திப் பாருங்கள். அடிப்புறத்தில் குறுக்குக் கோடு வாய் திறந்தால் அது அடுப்புக்குத்தான். நுகத்தடிக்கும் இதே சோதனை. உழவின் நடுவே நுகத்தடி முறிந்தால் மாட்டின் கழுத்துக்கும் காலுக்கும் ஆபத்து. அங்கே சிக்கனம் பார்க்கக்கூடாது.

பசை பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மரமே காரணம். நனைந்த மரத்தில் இப்பசை சரியாகப் பிடிக்காது. ஆகவே மழை வருமுன், வைகாசியிலேயே ஏரைப் பார்த்து, நிழலில் உலர்த்திவிட வேண்டும். விரிசலுக்குள் இருக்கும் மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். மெல்லிய ரம்பத் தகட்டால் சுரண்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து வெளியேற்றுங்கள். எண்ணெயோ கிரீஸோ ஊறியிருந்தால் தின்னர் நனைத்த துணியால் பலமுறை துடைக்க வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, நெருப்பு ஆகாது.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். அது ஈரத்தையும் சூட்டையும் அவ்வளவாகத் தாங்காது. மெதுவாக இறுகும் வகையே ஏற்றது. உறையில் அச்சிட்ட அளவுப்படி இரண்டையும் எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒன்றைக் கூட்டிப் போட்டால் பசை கடைசிவரை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கலக்குமுன் குழாய்களைச் சற்று நேரம் வெயிலில் வைத்தால் பசை இளகி, விரிசலின் அடிவரை இறங்கும். மருந்துக் கடையில் வாங்கிய ஊசிக் குழலை, ஊசியைக் கழற்றிவிட்டு, பசை செலுத்தப் பயன்படுத்தலாம். மேலே மட்டும் பூசி மூடுவது ஏமாற்று வேலை. முதல் சாலிலேயே பிளந்துவிடும்.

பிறகு பாலிதீன் தாளைச் சுற்றி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை அங்குல அகலத்தில் நறுக்கி இழுத்துச் சுற்றுங்கள். தாள் இல்லாவிட்டால் டியூபும் ஒட்டிக்கொள்ளும். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு இறுக்கவும் வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் தொடாதீர்கள். இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது.

கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். இப்பசை சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிது பட்டாலும் வரும்.

இறுகிய இடத்தில் ஆணி அடித்தால் மறுபடி பிளக்கும். கம்பிச் சுற்று போடலாம். கொல்லரிடம் காய்ச்சிய பூண் போடுவதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சூட்டில் பசை இளகிவிடும்.

கோடாலி, சம்மட்டிக் காம்புகளை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். ஓங்கும்போது தலை கழன்று பறந்தால் உயிருக்கே ஆபத்து. புதுக் காம்பின் விலை அதற்கு முன் ஒன்றுமில்லை. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் அதன் கட்டை விரிந்தால் இம்முறையில் இறங்க வேண்டாம். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் தேவை. அவ்வுரிமம் உள்ளவரிடமே கொடுக்க வேண்டும்.

ஒட்டிய இடம் வெயில் பட்டு நாளடைவில் நலியும் என்பதால் மேலே பெயிண்ட் அடியுங்கள். ஏர்க்காலின் இரு முனைகளிலும் இரண்டு முறை பூசி, உழவு முடிந்ததும் கூரைக்கடியில் படுக்க வைத்தால் அடுத்த கோடையில் விரிசல் குறையும்.