கையேந்துவதும் கருத்துரிமையும்

பொது இடத்தில் பிச்சை கேட்பதைக் குற்றமாக்கும் சட்டங்கள் இந்தியாவின் பல மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பம்பாயில் 1959-இல் இயற்றப்பட்ட சட்டம் பின்னர் டெல்லிக்கும் விரிவாக்கப்பட்டது.

இவற்றுக்கு எதிரான முதன்மையான வாதம் எளியது. ‘பசிக்கிறது, உதவுங்கள்’ என்று சொல்வதும் பேச்சுதான். அதை அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கிறது. அந்த உரிமைக்கு 19(2) பிரிவின்படி நியாயமான கட்டுப்பாடுகள் மட்டுமே விதிக்கலாம்.

2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், சமத்துவத்தையும் வாழ்வுரிமையையும் மீறுவதாகக் கூறி, அங்கு பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை ரத்து செய்தது. 2019 அக்டோபரில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது: அம்மாநிலத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சுரிமையையும் மீறுவதாகத் தீர்ப்பளித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் பிச்சையை ஒரு சமூகப் பொருளாதாரப் பிரச்சினையாகவே பார்த்தது. தெருக்களில் அதைத் தடைசெய்யக் கோரிய வேண்டுகோளை ஏற்கவில்லை.

பிற உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது; ஆனால் வழிகாட்டும். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் கையேந்தும் முதியவருக்கும், கல்வராயன் மலையிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கி வழியற்று நிற்பவருக்கும் அதே அரசியலமைப்புதான். பிள்ளைகளை வைத்துப் பிச்சையெடுக்கச் செய்பவர்களைத் தண்டிக்க வேண்டும். வறுமையில் கேட்பவருக்குத் தேவை சோறும் தங்குமிடமும் ஓய்வூதியமும், சிறை அல்ல.