நெல்லாலையும் வேலையொழுங்கும்

நெளுக்குளம் முதலிய வவுனியா ஊர்களிற் காலபோக நெல் மாசி, பங்குனியில் ஒருங்கே அறுவடையாகும். புழுங்கலரிசியாக்க அதனை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குற்றுவர். அவித்த நெல்லில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பங்கு ஈரமுண்டு. குற்றுதற்கு அது 14 ஆகக் குறைதல் வேண்டும். வெயிலை நம்பும் ஆலைகளில் உலர்த்தலே மிகத் தாமதமானது. இயந்திரம் நாளொன்றுக்கு 100 மூடை குற்ற வல்லது, உலர்தளமோ 60 மூடையே கொள்ளும் எனின், அன்றைய விளைவு 60 மூடையே. 100 மூடையை ஊறவிட்டால் எஞ்சிய 40 மூடை புளித்து நாறும். உழவன் உழைப்பு வீணாகும். ஆதலின், தளத்தின் பரப்பையும் வானிலையையும் முதலில் நோக்கி, அவ்வளவுக்கே தொட்டியை நிரப்புதல் வேண்டும். தாமதமான படியே பிறவற்றுக்கு அளவுகோல் என்னும் இவ்விதியை, 1984இல் வெளிவந்த 'தி கோல்' என்னும் நூலில் எலியாகு கோல்ட்ராட் பெருந்தொழிற்சாலைகளுக்கும் வகுத்துரைத்தார்.