மைனஸ் ஒன்று எங்கிருந்து வந்தது?

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் படித்தவர்களுக்கு இரண்டு விதிகள் நினைவிருக்கும். சாய்வுகள் சமமானால் கோடுகள் இணை. சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 ஆனால் கோடுகள் செங்குத்து. முதல் விதி சட்டென்று பிடிபட்டுவிடும். இரண்டாவதைப் பலரும் மனப்பாடம் செய்துகொண்டுதான் தேர்வுக்குப் போகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, அடிப்பக்கம் 3 செ.மீ., உயரம் 2 செ.மீ. உள்ள செங்கோண முக்கோணமாக வெட்டிக்கொள்ளுங்கள். வரைபடத்தாளில் அடிப்பக்கம் கிடை அச்சோடு ஒட்டியிருக்கட்டும். கூர்முனை ஆதிப்புள்ளியில், செங்கோண மூலை வலப்புறம். சாய்ந்த விளிம்பையொட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். வலப்பக்கம் 3 போனால் மேலே 2 ஏறுகிறது. சாய்வு 2/3.

இப்போது ஆதிப்புள்ளியில் உள்ள முனையை விரலால் அழுத்திக்கொண்டு, அட்டையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். படுத்திருந்த 3 எழுந்து நிற்கிறது. நின்றிருந்த 2 படுத்துவிட்டது, அதுவும் இடப்பக்கம் பார்த்து. மறுபடி கோடு போட்டால் சாய்வு −3/2. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: −1. பக்கங்கள் இடம் மாறியதால் பின்னம் தலைகீழானது; இடப்பக்கம் திரும்பியதால் மைனஸ் வந்தது. எந்த அளவில் அட்டை வெட்டினாலும் இதுவே நடக்கும். அட்டையைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தி வரைந்தால் கிடைப்பது இணைகோடு.

கோணமானியைத் தொடாமலே, வெறும் எண்களை வைத்து இரண்டு கோடுகளின் உறவைச் சொல்லிவிட முடிகிறது. ரெனே டெகார்ட் 1637-இல் வெளியிட்ட ‘வடிவியல்’ நூல் திறந்துவிட்ட வழி இது. ஏறத்தாழ அதே காலத்தில் பியர் டி ஃபெர்மாவும் தனியாக இந்த வழிக்கு வந்திருந்தார்.

இணைகோடுகளில் ஒரு சறுக்கல் உண்டு. சாய்வு 2 உள்ள இரண்டு கோடுகள் ஒய் அச்சை 1-இலும் 5-இலும் வெட்டுகின்றன என்று வையுங்கள். இடைவெளி 4 என்று எழுதத் தோன்றும். அது நேர் மேலாக அளந்த தூரம். கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் 4-ஐ √5-ஆல் வகுத்து வருவது, சுமார் 1.79 அலகுதான்.

நேர் நிமிர்ந்த கோட்டுக்குச் சாய்வே கிடையாது. பூஜ்யத்தால் வகுக்க முடியாதே. அங்கே −1 விதி உதவாது. இரு சமன்பாடுகளிலும் எக்ஸ், ஒய் உறுப்புகளை ஒரே பக்கம் கொண்டுவந்து, எக்ஸ் கெழுக்களைத் தங்களுக்குள்ளும் ஒய் கெழுக்களைத் தங்களுக்குள்ளும் பெருக்கிக் கூட்டுங்கள். பூஜ்யம் வந்தால் கோடுகள் செங்குத்து. இதற்கு விலக்கே இல்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்று. அச்சுகளின் அளவுத்திட்டம் வேறுபட்டாலும் இணைகோடுகள் இணையாகவே தெரியும். செங்குத்துக் கோடுகள் அப்படி இல்லை. சாய்வு 2, −1/2 உள்ள கோடுகளை, எக்ஸ் அச்சில் 1 செ.மீ. 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. 2 அலகு என்று வைத்து வரைந்தால், தாளில் தெரியும் கோணம் 60 பாகைக்கும் சற்றுக் குறைவு. கணக்கு சரியாக வந்தும் படத்தில் செங்கோணம் தெரியவில்லையென்றால் விடையை அடிக்காதீர்கள், அளவுத்திட்டத்தைப் பாருங்கள்.