நெப்டியூனில் குளிரும் கோடை

சூரியனை ஒருமுறை சுற்றிவர நெப்டியூனுக்கு 165 ஆண்டுகள் ஆகும். 1846-ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கோள், அதன் பிறகு ஒரு சுற்றை முடித்ததே 2011-ல்தான். அங்கே ஒரு பருவம் ஏறக்குறைய 40 ஆண்டுகள் நீளும். தென்பாதியில் கோடை உச்சத்தைத் தொட்டது 2005-ல். சூடு ஏறியிருக்க வேண்டும், நடந்ததோ நேர்மாறு.

சிலியிலும் ஹவாயிலும் உள்ள பெரிய தொலைநோக்கிகள் 2003 முதல் 2020 வரை எடுத்த அகச்சிவப்புப் படங்களை, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோமன் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. 2022-ல் வெளியான முடிவுப்படி, 2018-க்குள் நெப்டியூனின் அடுக்கு மண்டலம் சராசரியாக 8 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் தென்துருவம் மட்டும் 11 டிகிரி சூடேறியது. வாயுக்களின் வேதிமாற்றம், சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி, புயல்கள் என்று காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன, எதுவும் உறுதியாகவில்லை.

இன்னும் மேலே போனால் மாற்றம் பிரமாண்டமானது. 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 கடந்து சென்றபோது, உச்சி வளிமண்டலம் சூரிய ஒளியால் மட்டும் எட்ட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தது. 2023-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தபோது பல நூறு டிகிரி இறங்கி, கெல்வின் கணக்கில் ஏறத்தாழ பாதியாகியிருந்தது.

இந்தக் குளிர்ச்சி பழைய புதிர் ஒன்றையும் விடுவித்தது. வியாழன், சனி, யுரேனஸ் மூன்றிலும் துருவ ஒளியை அகச்சிவப்பில் பார்த்தாகிவிட்டது. நெப்டியூனில் மட்டும் அது சிக்கவே இல்லை. மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த ஓர் அயனிதான் அந்த ஒளியை உமிழ்கிறது. வெப்பம் குறைந்தால் அதன் ஒளி சட்டென மங்கிவிடும். சூடான வளிமண்டலத்தை எதிர்பார்த்துத் தேடியவர்களுக்கு அது தென்படாததில் வியப்பில்லை. ஹென்ரிக் மெலின் குழு 2025-ல் வெளியிட்ட ஜேம்ஸ் வெப் பதிவில்தான் அது தெளிவாகச் சிக்கியது. அதுவும் துருவங்களில் அல்ல, நடு அட்சரேகைகளில். கோளின் காந்த அச்சு அதன் சுழல் அச்சிலிருந்து 47 டிகிரி சாய்ந்திருப்பதே காரணம்.

நெப்டியூனை நெருங்கிப் பார்த்த விண்கலம் இன்றுவரை வாயேஜர் 2 மட்டுமே. அந்த ஒரே சந்திப்பின் அளவீடு பல ஆண்டுகள் அந்தக் கோளின் நிரந்தர அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. இனி நெப்டியூனின் வெப்பநிலை என்று எந்த எண்ணைச் சொன்னாலும், எந்த உயரத்தில், எந்த ஆண்டில் அளந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.