படித்தும் பொருள் விளங்காத பிள்ளைகள்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் நாள்தோறும் எழும் கவலை, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியதே. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம் என வளரும் பிள்ளை, பாடத்தைக் கடகடவென்று வாசித்து முடித்த பின் "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் விழிக்கிறது. உடனே அதற்கு "மந்தம்" என்று பெயர் சூட்டிவிடுவோர் நம்மிடையே உண்டு. அந்தப் பெயர் எளிதில் அகல்வதில்லை.

இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். புதுமொழி பழகாமையால் வரும் தடுமாற்றம் நாளடைவில் குறையும். கற்றல் குறைபாடு அவ்வாறன்று. தாய்மொழியிலும் அது தலைகாட்டும். அதே பாடத்தை நாம் தமிழில் சொல்லும்போது பிள்ளை நன்கு விளங்கிக்கொண்டு, தமிழெழுத்துக் கற்ற பின்னரும் தானாக வாசிக்கையில் திணறுமானால், தக்கவரிடம் காட்டி ஆராய்வதே முறை. வீட்டுமொழி தமிழ் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இக்குறை அறிவுக்குறை அன்று. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் அவனுக்குத் தடையில்லை; வாசிப்புத்தான் வரவில்லை. பாடங்களெல்லாம் வாய்மொழியாகவே நடந்திருந்தால் பள்ளியிலேயே அவன்தான் சூட்டிகையானவனாக இருந்திருப்பான் என்பது அவன் ஆசிரியரின் கருத்து.

எழுத்துக் கூட்ட வந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகளுக்கென, அமெரிக்காவில் ஆன்மேரி பாலின்சார், ஆன் பிரௌன் என்னும் இரு பெண்மணிகள் 1984-இல் ஒரு முறையை வெளியிட்டனர். ஒரு பத்தியை வாசித்ததும் நிறுத்த வேண்டும். அதன் சாரத்தைச் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். அதிலிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். விளங்காத இடத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும். அடுத்து என்ன வரக்கூடும் என்று ஊகிக்க வேண்டும். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு மாணவர் ஒவ்வொருவரும் முறைவைத்து ஆசிரியராவர்.

இதற்கு நம் இல்லங்களில் ஒரு வசதி உண்டு. இந்தி அறியாத தாயார், "எனக்கு இது படிக்கத் தெரியாது கண்ணே, நீ தமிழில் சொல்லு" என்று கேட்கலாம். அது நடிப்பன்று, மெய்யான தேவை. ஆகவே பிள்ளையும் மெய்யாகவே ஆசிரியராகிறது. பொருள் புரியாமல் மொழிபெயர்க்க இயலாதாகையால், எந்த வரியில் தடம் புரண்டது என்பதும் அங்கேயே வெளிப்படும். நாளொன்றுக்கு ஒரு பத்தி போதும். நம்மில் சிலர் பாடம் முழுவதையும் பத்துமுறை ஒப்பிக்கச் செய்கின்றனர். அதனால் குரல் வளம் பெறலாம்!

தன்னைத் தானே கண்காணிக்கும் பழக்கத்துக்கு நம் இரயில்வேயே நல்லதோர் உவமை. சிக்னலைக் கண்டதும் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் அதன் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வர். நிறம் அறியாதவர்களா அவர்கள்? கண் கண்டதை மனம் தவறவிடாதிருக்கவே அந்த ஏற்பாடு. அவசரக்காரப் பிள்ளைகளுக்கு மைக்கன்பாம், குட்மன் இருவரும் 1971-இல் கையாண்ட வழியும் ஏறத்தாழ இதுவே. செய்யும் வேலையைப் பிள்ளை முதலில் உரக்கச் சொல்லும், பின்னர் முணுமுணுக்கும், இறுதியில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும். பத்தி முடிவில் "புரிந்ததா? எங்கே விட்டேன்?" என்று கேட்டுக்கொள்ளவும் இவ்வாறே பழக்கலாம்.

சட்டத்தின் துணையும் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சான்றிதழ் பெற்ற பிள்ளைக்கு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மூன்று மணித் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், வேண்டுவோர்க்கு எழுதுபவர் உதவியும் கிடைக்கும். அச்சட்டப்படி வழங்கப்படும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். மாற்றல் உத்தரவு வந்து மூட்டை கட்டும்போது, பள்ளி மாற்றுச் சான்றிதழோடு அதையும் கைப்பெட்டியிலேயே வைத்துக்கொள்க.