சுறாவில் பாதரசம் ஏறுவது எப்படி?

கல்முனைப் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறா வாங்குவார்கள், பால் ஊறுமாம். அந்தச் சுறாவில் பாதரசம் ஏன்?

நிலக்கரிப் புகையும் எரிமலையும் கக்கும் பாதரசம் கடலில் விழ, நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசமாக்குகின்றன. மிதவையுயிரிலிருந்து நெத்தலிக்கு, நெத்தலியிலிருந்து சூரைக்கு என ஏறி, பல வருடம் வாழும் பெரிய சுறாவில் குவிகிறது. உள்ளே போவது வேகம், வெளியேறுவது மெல்ல. தசைப் புரதத்தில் ஒட்டியிருப்பதால் கழுவினாலும் ஆணம் கொதித்தாலும் போகாது.

கருவிலுள்ள குழந்தையின் மூளையையே இது அதிகம் தாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் இதனால் வந்த நோய் வெளிப்பட்டது. பெரிதாக நோய்க்குறி இல்லாத தாய்மாருக்கும் பாதிப்போடு குழந்தைகள் பிறந்தன. அது ஆலைக்கழிவின் கொடுமை, நம் மீனை அதோடு ஒப்பிடக் கூடாது.

பாலூட்டும் தாய்க்குக் கீரி, சாளை, நெத்தலி போதும். அவற்றுக்கு ஆயுள் குறைவு. பாதரசம் சேர்க்க நேரமேது?